சாமிக்கு ஒரு இழுப்பு

சங்ககிரிக்குப் போகிற சாலையில், லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் மாதேசனின் என்ஜின் பட்டறை. அங்கே குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

சீடர் பெயர் நாச்சிமுத்து. முன்னே லாரி டிரைவர். அந்த லாரியில் கிளீனராக ஏறியவர்தான் மாதேசன். பிறகு மாதேசன் என்ஜின் வேலை கற்றுக்கொண்டு பட்டறை வைத்தார். நாச்சிமுத்துவுக்கு இடுப்பில் வலி வந்து தூர ஓட்டத்தை விட்டார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஒருநாள் பட்டறைக்கு வந்து நின்றார்.

"எனக்கும் இந்த வேலையச் சொல்லிக் குடு மாதேசா."

"உங்களுக்கு நான் சொல்லித் தர்றதாங்ணா? எனக்குக் கூச்சமா இருக்குது."

"உனக்கு டயர் கழட்டறதுக்கு நான் சொல்லிக் குடுத்தனே. அப்ப எனக்குக் கூச்சமா இருந்துதா?"

அன்றிலிருந்து நாச்சிமுத்து அவரை வாத்தியாரே என்று கூப்பிட்டார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. நாள் போகப் போகக் கிண்டல் தேய்ந்துவிட்டது. வாத்தியார் மட்டும் மிச்சமானார்.

அந்த வாரம் பட்டறைக்கு வந்து நின்றது நாச்சிமுத்துவின் சொந்த வேன்.

நாச்சிமுத்துவுக்கு இரண்டு பையன்கள். பெரியவன் பூபதி, வார நாளில் அந்த வேனில் மில்லுக்கு ஆள் ஏற்றிப் போவான். சின்னவன் தினகரன், ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூட்டம் ஏற்றிப் போவான். போன மாதம் தினகரன் மலை ஏறும்போது வண்டி கொதித்து நின்றுவிட்டது. புகையும் ஆவியுமாகக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

"மலையில வண்டி ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தா இப்படித்தான்" என்றான் பூபதி.

"ஆறு நாள் ஓட்டறவன் தண்ணி பாத்து வெச்சிருந்தா எனக்கேன் கொதிக்குது" என்றான் தினகரன்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை. அவர்களுடைய அம்மா பாவாயி ஒரு தடவை சமைத்து இரண்டு தடவை பரிமாறினாள். பூபதி சங்ககிரியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டான். சாமான் போக வேண்டியது இந்த வேனில்தான்.

திங்கட்கிழமை காலையில் நாச்சிமுத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"வாத்தியாரே, ஒரு ஒத்தாசை பண்ணு."

"சொல்லுங்ணா."

"வண்டி வெள்ளிக்கிழமைக்கு ஆகாதுன்னு பூபதிகிட்டச் சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டான். நீ சொன்னா நம்புவான்."

"ஏனுங்ணா?"

"வண்டி இல்லீன்னா சாமான் போகாது. நல்ல நாள் தப்பிரும்."

"வேற வண்டி எடுத்துட்டாருன்னா?"

"எடுக்க மாட்டான். சொந்த வண்டி இருக்கறப்ப சாமான் வாடகை வண்டியில போனா ஊரு என்ன பேசும்? அந்த ரோசம் அவனுக்கு உண்டு."

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். சூடம்.

"அதுக்குள்ள ரண்டு பேத்தையும் மாரியாத்தா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பிரிய மாட்டோம்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ண வெச்சுருவேன். ஆத்தா முன்னால பண்ணினதை மீற மாட்டானுங்க."

"ம்."

"என்ன ம்ங்கற? நீ சொல்லு. ரண்டு பேத்தைப் பிரியாம ஒட்டி வெக்கறதுக்கு வேற என்ன வழி இருக்குது?"

மாதேசன் கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"முதல்ல ஹெட்டை எறக்கிப் பாப்பம்ங்ணா."

*

என்ஜினின் அடிப்பாகம் பிளாக். அதன் மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருப்பது ஹெட். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும். அதற்குப் பெயர் கேஸ்கட். உள்ளே எரிகிற நெருப்பு ஒரு வழி, குளிர வைக்கிற தண்ணீர் ஒரு வழி, ஆயில் ஒரு வழி. ஒன்று மற்றொன்றோடு சேராமல் அந்தத் தகடுதான் பார்த்துக்கொள்கிறது.

ஹெட்டைத் தூக்கி இறக்கினார்கள். கேஸ்கட் நடுவில் கருகி, ஓரத்தில் அப்பளம் உடைந்த மாதிரி உடைந்திருந்தது.

"இங்கதான் போயிருக்குது" என்றார் நாச்சிமுத்து. "தினகரன் மிதிச்ச மிதி."

மாதேசன் டார்ச்சை எடுத்தார். கருகின இடத்துக்குப் பக்கத்தில் பிளாக்கில் தண்ணீர் போகிற துளை ஒன்று இருந்தது. அதற்குள் வெளிச்சம் அடித்தார். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு மெல்லச் சுரண்டினார். என்னவோ ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தார். பல் விழுவது போல ஒரு கட்டி வெளியே வந்து விழுந்தது. புளியங்கொட்டை அளவு. செங்கல் நிறம். நகத்தால் குத்தினால் இறங்கவில்லை.

"என்னது அது?"

"பேஸ்ட்டுங்ணா. கேஸ்கட்டுக்குப் பூசறது. அதிகமாப் பூசினா இறுக்கறப்பப் பிதுங்கித் தண்ணி வழிக்குள்ள போயிரும். அங்க கல்லா உறைஞ்சு அடைச்சுக்கும். அந்தப் பக்கம் தண்ணி போகாது. சூடு ஏறிட்டே இருக்கும். சமதரையில ஓட்டறப்பத் தெரியாது. மலை ஏறினா தெரியும்."

நாச்சிமுத்து அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"போன தடவை ஹெட் வேலை எங்க பாத்தீங்க?" என்றார் மாதேசன்.

"உன்கிட்ட வர்றதுக்கு முன்னால. ரோட்டோரத்துல ஒருத்தன்கிட்ட. நானும் கூட நின்னு பண்ணினேன்."

"பேஸ்ட் யாருங்ணா பூசினது?"

நாச்சிமுத்து கட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான்தான். அவன் இது போதும்னான். நான்தான், இருக்கட்டும், குடும்பத்துக்குச் சோறு போடற வண்டின்னு ரண்டு பக்கமும் தாராளமாப் பூசினேன்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப தினகரன் மேல தப்பு இல்லை."

"இல்லீங்ணா."

"பூபதி மேலயும் இல்லை."

"இல்லீங்ணா."

"நல்லதுக்குத்தானே பூசினேன் வாத்தியாரே."

"கெட்டதுக்கு யாருங்ணா காசு குடுத்துப் பேஸ்ட் வாங்குவாங்க?"

நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்தக் கட்டியைத் துணியில் துடைத்து, சட்டைப் பையில் சூடப் பொட்டலத்தோடு போட்டுக்கொண்டார்.

*

ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி வாங்கி வந்தார்கள். கண்ணாடி மாதிரி வந்தது.

"இந்தத் தடவை மெட்டல் கேஸ்கட் போடலாம்ங்ணா" என்றார் மாதேசன். மெல்லிய இரும்புத் தகடு மூன்றை ஒன்றாக அடித்துச் சேர்த்த ஒன்றை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

நாச்சிமுத்து அதைத் தட்டிப் பார்த்தார். டிங் என்றது.

"வண்டியோட வந்தது இது இல்லையே?"

"இல்லீங்ணா. இது வேற ஒருத்தர் செய்யறது."

"வேற இடத்துல இருந்து வந்தது நம்ம என்ஜினுக்குப் பொருந்துமா?"

"வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுவோம். ஓட்டைக்கு ஓட்டை நேரா நின்னா பொருந்தும். உங்க ரண்டு மருமகளும் வேற இடத்துல இருந்து வந்தவங்கதானுங்களே."

"அது என்னமோ வாஸ்தவந்தான்" என்றார் நாச்சிமுத்து. இந்தத் தடவை சிரிப்பு வந்தது.

தகட்டைப் பிளாக்கின் மேல் வைத்தார்கள். ஓட்டைக்கு ஓட்டை பார்த்தார்கள். எல்லாம் நேராக நின்றது. மாதேசன் அதை எடுத்துத் திரும்ப உறைக்குள் போட்டுவிட்டார்.

"இவ்வளவு மெல்லிசா இருக்குது. பழசு மெத்து மெத்துன்னு இருந்துதே?"

"பழசு மெத்துன்னு இருக்கறதுனால மேடு பள்ளத்தை எல்லாம் தானே அமுக்கி மறைச்சுக்கும். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் பொறுத்துக்கும். இது எதையும் மறைக்காது. மேலயும் கீழயும் சுத்தமா, சமமா இருந்தா நம்ம காலத்துக்கும் இருக்கும். இல்லீன்னா முதல் நாளே கசியும்."

"மேலதான் லேத்துல சீவியாச்சே. கீழ பிளாக்கைச் சும்மா துடைச்சாப் போதாதா?"

"ஒரு பக்கம் சுத்தமா இருந்தா ஒரு பக்கந்தான் பிடிக்கும்ங்ணா."

"கிரைண்டர்ல துணி வீல் மாட்டி ஓட்டினா பட்டுனு முடிஞ்சுரும்."

"பட்டுனு முடியும். பள்ளமும் விழும். தூளு உள்ள போயி பேரிங்கைத் தின்னுரும். கையிலயே பண்ணுங்க."

நாச்சிமுத்து துணியை உருட்டித் துளைகளை அடைத்துவிட்டு உட்கார்ந்தார். பழைய பேஸ்ட் பிளாக்கின் மேல் படை மாதிரி ஒட்டியிருந்தது. மரச் சில்லால் சுரண்டினார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். மறுபடி சுரண்டினார். வெள்ளிக்கிழமை சாமி விளக்கை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துலக்குகிறோமே, அந்த மாதிரி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. எல்லாம் அவர் பூசினதுதான். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது.

மாதேசன் ஒரு நேரான இரும்புச் சட்டத்தைப் பிளாக்கின் மேல் நிறுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தார்.

"இந்தப் பக்கம் குனிஞ்சு பாருங்க. சட்டத்துக்கு அடியில வெளிச்சம் வருதா?"

"ஒரு இடத்துல வருது. மயிரிழை."

"அங்க பக்கத்துல இன்னும் பேஸ்ட் ஒட்டியிருக்குது. சட்டத்தைத் தூக்குது."

மறுபடி உட்கார்ந்தார். சாயந்தரம் வீட்டுக்குப் போனார். பையன்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் உட்கார்ந்து துடைத்தார். மத்தியானம் சட்டத்தை வைத்து டார்ச் அடித்தபோது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அடியில் இருட்டாகத்தான் இருந்தது.

"இப்ப?" என்றார்.

"இப்ப போல்ட் குழியைத் துடைங்க" என்றார் மாதேசன்.

"குழிக்குள்ள என்ன இருக்குது? மேல பளபளன்னு இருக்குதே."

"மேல இருக்குது. ஹெட்டைத் தூக்கறப்ப உள்ள தண்ணி எறங்கியிருக்கும். அது மேல போல்ட்டைப் போட்டு இறுக்கினா தண்ணிக்குப் போக்கிடம் இல்லை. அமுங்கவும் அமுங்காது. பிளாக்கே விரிசல் விட்டுரும்."

நாச்சிமுத்து பழைய வேட்டித் துணியைத் திரி மாதிரி முறுக்கி ஒவ்வொரு குழியிலும் விட்டு எடுத்தார். ஒவ்வொரு திரியும் ஈரமாகத்தான் வந்தது.

*

வியாழக்கிழமை காலையில் பூபதி பட்டறைக்கு வந்தான். அப்பாவைப் பார்க்காமல் மாதேசனைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணா, வண்டி நாளைக்கு ஆயிருங்களா?"

மாதேசன் நாச்சிமுத்துவைப் பார்த்தார். அவர் திங்கட்கிழமை கேட்ட ஒத்தாசை அங்கேயே நின்றது.

"என்ஜின் உங்கப்பா கையில இருக்குது. அவரைக் கேளுங்க தம்பி" என்றுவிட்டு மாதேசன் வேறு ஒரு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

நாச்சிமுத்து கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கட்டியை எடுத்துப் பையனின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னப்பா இது?"

"வண்டி கொதிச்சது இதனாலதான். தண்ணி போற வழியில அடைச்சுட்டு இருந்துது."

"இது எப்படி உள்ள போச்சு?"

"நான் பூசின பேஸ்ட். போன தடவை ஹெட் எறக்கினப்ப. தினகரன் மிதிச்சதும் இல்லை. நீ தண்ணி பாக்காததும் இல்லை."

பூபதி அந்தக் கட்டியை உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"நான் அவனை என்னென்னவோ பேசிட்டனேப்பா."

"அவனும் பேசினான்."

"அவன் சின்னவன்."

நாச்சிமுத்து காத்திருந்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று நமக்குத் தெரியும். பூபதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"ஆனா வீடு பாத்தது பாத்ததுதானுங்கப்பா. கோவத்துல பாத்ததுன்னு நினைக்காதீங்க. பாப்பாவுக்கு அங்க பள்ளிக்கூடம் நடக்கற தூரம். இங்க காத்தால இருட்டோட எழுப்பி அனுப்பறோம். அவ சாப்பிடாமயே போறா."

"இதை முன்னயே சொல்லலியேடா."

"சொல்ல வந்தப்ப வண்டி கொதிச்சுருச்சு."

நாச்சிமுத்து என்ஜினைப் பார்த்தார். பேத்தி இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கூட வண்டியில் ஏறுவதை அவரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"பால் காய்ச்ச எத்தனை மணிக்குச் சொல்லியிருக்குது?"

"ஒம்போதுக்கு மேலங்ப்பா."

"வண்டி வந்துரும். போ."

பூபதி கட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

மாதேசன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கை கழுவினார்.

"குழி எல்லாம் காஞ்சுருச்சுங்களாண்ணா?"

"காஞ்சுருச்சு" என்றார் நாச்சிமுத்து.

*

மத்தியானம் தகட்டை வைத்தார்கள். நாச்சிமுத்துவின் கை பழக்கத்தில் பேஸ்ட் டியூபைத் தேடியது.

"இதுக்கு எதுவும் பூசக் கூடாதுங்ணா."

"ஒண்ணுமே வேண்டாமா? ஓரத்துல மட்டும் லேசா?"

"அதுக்கு வேணும்கறதை அதுவே மேல பூசிட்டு வந்திருக்குது. நம்ம பங்குக்கு ஒண்ணும் வேண்டாம்."

ஹெட்டைத் தூக்கி நேராக உட்கார வைத்தார்கள். மாதேசன் பழைய போல்ட் ஒன்றையும் புதுப் போல்ட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையது ஒரு திருகு மரை அளவு உயரமாக இருந்தது. கழுத்தில் மெலிந்திருந்தது.

"வேற அளவு போல்ட்டா இது?"

"அதே அளவுதானுங்ணா. போன தடவை இறுக்கினதுல நீண்டு போச்சு. நீண்டா பிடி விட்டுரும்."

நாச்சிமுத்து பழையதை ஓரமாக எடுத்து வைத்தார். புதுப் போல்ட்டுகளை எண்ணெய் தொட்டுக் கையால் சுற்றி இறக்கினார்.

இறுக்குவதற்கு ஒரு ரென்ச் உண்டு. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அதில் முதலிலேயே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டக் என்று சொல்லும். நடுவிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்கு வர வேண்டும். ஒரே தடவையில் முழுசாக இறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம், பிறகு எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம்.

நாச்சிமுத்து பொறுமையாகச் செய்தார். கடைசிச் சுற்று வந்தது. நடுப் போல்ட்டை இழுத்தார். டக்.

கையை எடுக்கவில்லை. காலை அகட்டி வைத்து மூச்சை இழுத்தார்.

"என்னங்ணா?"

"சாமிக்கு ஒரு இழுப்பு."

அது லாரிக் காலத்துப் பழக்கம். வீல் நட்டு முறுக்கினாலும், கயிறு கட்டினாலும், எல்லாம் முடிந்த பிறகு நாச்சிமுத்து சாமி பேரைச் சொல்லி ஒரு இழுப்பு இழுப்பார். மாதேசன் கிளீனராக இருந்தபோது அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ரோட்டில் போகிற வண்டிக்கு மனுசன் இழுப்பு மட்டும் போதாது, சாமிக்கு ஒன்று வேண்டும் என்பார்.

மாதேசன் அவர் மணிக்கட்டின் மேல் மெல்லக் கையை வைத்தார்.

"அது டக்குன்னு சொன்னதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"போதும்னு சொல்லுது."

"அது சொல்லும். மனசு கேக்க மாட்டேங்குதே வாத்தியாரே. விட்டுப் போச்சுன்னா?"

மாதேசன் அந்தப் பழைய போல்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது சாமிக்குக் குடுத்ததுதானுங்களே?"

நாச்சிமுத்து அந்த மெலிந்த கழுத்தைப் பார்த்தார். ரென்ச்சிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"சாமிக்கு வேற ஏதாச்சும் குடுக்கலாம்ங்ணா" என்றார் மாதேசன்.

மிச்சப் போல்ட்டுகளை நாச்சிமுத்துதான் இறுக்கினார். ஒவ்வொரு டக்குக்கும் கையை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் கையை எடுக்கத்தான் அவருக்கு வியர்த்தது.

*

வெள்ளிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம். தண்ணீர் ஊற்றி, ஆயில் பார்த்து, எல்லாம் ஆயிற்று.

"சூடம் இருக்குதுங்களாண்ணா?" என்றார் மாதேசன்.

நாச்சிமுத்து சட்டைப் பையைத் தொட்டார். பொட்டலம் இருந்தது. அதை அவிழ்த்து ஒரு கட்டியை எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்து ஏற்றினார். வண்டிக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினார். தானாக எரிந்து அடங்கட்டும் என்று கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டு நின்றார். கையை அதன் மேல் கொண்டுபோகவில்லை. அடங்கியதும் பொட்டலத்தை மடித்து மாதேசனிடம் கொடுத்தார்.

"பட்டறைச் சாமிக்கு வெச்சுக்க. எனக்கு இனி இதுக்கு வேலை இல்லை."

சாவியைத் திருப்பினார். என்ஜின் இரண்டு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. நின்றது. பிறகு ஒரே சீரான சத்தம். அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி, வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்கிற மாதிரி ஒரு சத்தம்.

மாதேசன் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கோடு ஓடுகிற இடத்தில் விரலை வைத்து நடந்தார். விரலைக் காட்டினார். காய்ந்திருந்தது.

நாச்சிமுத்துவின் போன் அடித்தது. தினகரன்.

"அப்பா, வண்டி எப்பங்ப்பா வருது?"

"உனக்கென்னடா அவசரம்?"

"அண்ணன் பீரோவை ஒத்தையாத் தூக்கப் பாத்தான். நான் ஒரு பக்கம் பிடிச்சேன். இப்ப வாசப்படியில ரண்டு பேரும் பிடிச்சுட்டு நிக்கறோம். எறக்கி வெச்சா திருப்பித் தூக்க முடியாதுங்கறான்."

பின்னாலிருந்து பூபதியின் குரல் கேட்டது. "போன் பேசறதை விட்டுப்போட்டு ரண்டு கையிலயும் பிடிடா."

அதற்கும் பின்னால் பாவாயியின் குரல். "ரண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டுத் தூக்குங்க. நான் ஒரு தடவைதான் போடுவேன்."

நாச்சிமுத்து போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இடுப்பு வலித்தது போலத் தெரியவில்லை. கியரைப் போடப் போனவர் நிறுத்தினார்.

"வாத்தியாரே, கொஞ்ச தூரம் ஓடினதும் கொண்டாரட்டுமா? மறுபடி ஒருக்கா எல்லாத்தையும் இறுக்கணுமில்ல?"

"அது பழசுக்குங்ணா. இதுக்கு வேண்டாம். ஒருக்கா அளவா இறுக்கினா அவ்வளவுதான். அப்பறம் கை வெக்கக் கூடாது."

நாச்சிமுத்து ஸ்டீயரிங்கின் மேலிருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கை வெக்காம எப்படிப்பா இருக்கறது?"

"சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் தொறக்காதீங்க" என்றார் மாதேசன். "காத்தால, ஆறினதுக்கப்பறம், தொறந்து தண்ணி இருக்குதான்னு பாருங்க. இருந்துதுன்னா மூடிட்டு உங்க சோலியைப் பாருங்க."